அவள் ஓட்டியதாகச் சொன்ன வண்டி

1

இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். ஓய்வுபெற்றோர் சங்கத்தின் மாத இதழில் மூன்றாம் பக்கத்தில் வந்தது. வயிறு குலுங்கச் சிரித்ததாகப் பதினோரு பேர் கடிதம் போட்டார்கள். சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆள் ஒளிஞ்சிருந்தானா?" என்று கேட்டார். ஒளிந்துதான் இருந்தான். இன்னும் இருக்கிறான். அவனைக் காதைப் பிடித்து வெளியே இழுத்து வருவதற்காகத்தான் அதே கதையை மறுபடியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கதையில் என் மனைவி காரை ஓட்டிப்போய் ஒரு பால்காரரின் சைக்கிளில் இடித்துவிடுவாள். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். நடந்தது என்னவென்றால்

[இந்த வாக்கியத்தை நாலு நாளாக இங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன். தண்ணீர் குடிக்க, கொத்தனாரைப் பார்க்க, சும்மா வாசலில் நிற்க.]

நடந்தது என்னவென்றால், ஓட்டியது நான்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அடித்ததை அழிக்காமல் விடுகிறேன். ஒரு மனிதன் எப்படியெல்லாம் நழுவப் பார்ப்பான் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

முதல் தொடக்கம்: "அன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. சாலை வழுக்கியது." மழையே இல்லை. வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. பழியில் பாதியை மழையின் தலையில் கட்டத்தான் அதைக் கூப்பிட்டேன்.

இரண்டாவது: "அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி." இதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கி அதிகாரி ஒருவர் சைக்கிளில் இடித்தால் அது விபத்து. பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். நான் வங்கியில் இருந்தவனல்ல. ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தேர்வாளராக இருந்தவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தொடைமேல் அட்டையை வைத்துக்கொண்டு, நடுங்குகிற கைகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டவன். எங்கள் படிவத்தின் முதல் கட்டமே 'பார்வை'தான். இருபது மீட்டர் தள்ளி நிற்கிற வண்டியின் எண்ணைப் படிக்கச் சொல்வேன். தடுமாறினால் வண்டியிலேயே ஏற்றமாட்டேன். ஒரு லாரி ஓட்டுநர், பிழைப்பே போய்விடும் என்று கெஞ்சினார். "கண்ணு தெரியாதவனுக்கு ஸ்டியரிங் எதுக்கு?" என்று கேட்டு அனுப்பினேன். (சொன்ன வாக்கியம் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. அவர் முகம்தான் நினைவில்லை.)

மூன்றாவது: "என் மனைவிக்கு ஊர்ப்பெயர்கள் தெரியும், ஊர்கள் தெரியாது." இது மட்டும் உண்மை. இங்கிருந்து போகலாம்.

3

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். இருபத்தெட்டு வருடம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த ஊருக்குப் போகிற வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்வாள். முதல் தடவை தூங்குகிறவனை எழுப்ப, இரண்டாவது தடவை எழுந்தவனுக்கு என்பாள். மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு ஊர்கள். பெரும்பாலும் சின்னக் கிராமங்கள்.

ஓய்வுபெற்ற வாரத்தில் ஒரு நோட்டில் அத்தனை பெயரையும் வரிசையாக எழுதினாள். "எத்தனை லட்சம் பேர அனுப்பி வெச்சிருக்கேன். நான் ஒண்ணுக்காவது போயிருக்கேனா?" என்று கேட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மறு வாரம் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். வயது ஐம்பத்தெட்டு. ஏன் பள்ளிக்குப் போனாள் என்றால், அதற்கு முன்னால் இரண்டு நாள் நான்தான் கற்றுக்கொடுத்தேன். மூன்றாம் நாள் நடுரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள்.

முதல் தேர்விலேயே தேறினாள். தேர்வு வைத்தது எனக்குக் கீழே வேலை பார்த்தவன். "நானா இருந்தா பெயில் போட்டிருப்பேன்" என்று விருந்தாளிகள் வரும்போதெல்லாம் சொல்வேன். தமாஷுக்குத்தான். எட்டு வருடம் அதே தமாஷ்.

உண்மையைச் சொல்கிறேன். அவள் என்னைவிட நன்றாக ஓட்டுவாள்.

இரண்டு மாதத்துக்கு ஓர் ஊர் என்று போய்க்கொண்டிருந்தோம். போகும்போது அவள், வரும்போது நான். அது எங்களுக்குள் ஒப்பந்தம். போய்ச் சேர்ந்ததும் ஊர்ப்பலகைக்கு முன்னால் நின்று பெயரைத் தன் பழைய குரலில் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள். ஒரு டீ குடிப்போம். நோட்டில் டிக் அடிப்பாள். பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு குளம், ஒரு பள்ளிக்கூடம், வெயிலில் படுத்திருக்கிற நாய். "நான் நெனச்ச மாதிரியே இல்ல" என்று ஒவ்வொரு ஊரிலும் சந்தோஷமாகச் சொல்வாள்.

அப்புறம் வீட்டு வேலை ஆரம்பித்தது. எங்கள் ஒரே மகள் தலைமையாசிரியை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். வீட்டிலும் மணி அடித்துத்தான் பேசுவாள். "வயசான காலத்துக்கு ஏத்த மாதிரி வீட்ட மாத்தணும்" என்று ஒரு பட்டியலோடு வந்தாள். குளியலறையிலும் நடைவழியிலும் வழுக்காத டைல்ஸ், சுவரில் கைப்பிடி, வாசற்படிக்குப் பதில் சரிவு. கொத்தனாரும் வந்தார்.* டைல்ஸ் ஒட்டினால் ஒரு நாள் முழுக்கக் கால் படக் கூடாது என்றார். எங்கள் வீட்டில் எங்கே போனாலும் அந்தத் தரையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே நாங்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். சிமெண்டுத் தூசிக்குப் பயந்து ஒன்றரை மாதத்தில் பதினேழு ஊர்கள் பார்த்தோம். அவளுக்கு அதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை. மொத்தம் அறுபத்து மூன்று டிக் ஆகியிருந்தது. அறுபத்து நாலாவது ஊருக்குப் போகும்போதுதான்.

* கொத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் எந்த வேலையையும் முடியாது என்று சொன்னதில்லை. எப்போது முடியும் என்றும் சொன்னதில்லை.

4

கண் டாக்டரை இந்தக் கதையில் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவர் இல்லாவிட்டால் இது வயதானவனின் தடுமாற்றம். அவர் வந்துவிட்டால் இது வேறு.

வருகிறார். விபத்துக்கு ஐந்து மாதம் முன்பு. மகள் வயதுப் பெண். என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு சார். வலது கண்ணுல நல்லாவே முத்திடுச்சு. பயப்பட ஒண்ணுமில்ல, சின்ன ஆபரேஷன்தான். ஆனா அது முடியற வரைக்கும் வண்டி மட்டும் ஓட்டாதீங்க" என்றார்.

"சரிங்க டாக்டர்" என்றேன். வெளியே வந்து, காரை எடுத்து, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

மனைவியிடம் கண்ணாடி பவர் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று சொன்னேன். டாக்டர் கொடுத்த சீட்டை மடித்துப் பழைய அலுவலகப் பையில் போட்டேன். வீட்டு வேலை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது எனக்கு நானே சொன்ன சாக்கு. ஆபரேஷனுக்குப் பயமா என்று கேட்பீர்கள். பயமெல்லாம் இல்லை. முப்பத்தொரு வருடம் மற்றவர்களைப் பெயில் போட்டவன், முதல் கட்டத்திலேயே பெயிலாகிவிட்டேன் என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். இவ்வளவு அற்பமான காரணத்துக்கு ஒரு மனிதனின் கை உடைந்தது.

5

அன்று போகும்போதும் நான்தான் ஓட்டினேன். குளியலறைச் சாமான்களைத் தூக்கி வைத்ததில் அவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டிருந்தது. "நேத்துப் போன ரோடுதானே, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

காலை ஒன்பது மணி. இரண்டு பக்கமும் வயல். நேர்ச் சாலை. சூரியன் எதிரில். புரை விழுந்த கண்ணுக்கு எதிர்வெயில் எப்படி இருக்கும் என்றால், அழுக்குக் கண்ணாடியில் பால் ஊற்றின மாதிரி இருக்கும். சாலையோர மரங்களின் நிழல்கள் வந்து வந்து போயின. அதில் ஒரு நிழல் அசைவதாகத் தெரிந்தது. நிழல்தானே என்று பிரேக்கைத் தொடவில்லை.

"என்னங்க, சைக்கிள்!"

அதற்குப் பிறகுதான் மிதித்தேன். 'டம்' என்று ஒரு சத்தம். அப்புறம் காலிப் பால்கேன்கள் இரண்டு தார்ச்சாலையில் உருண்டு போகிற சத்தம். அது நிற்கிற வரைக்கும் என்னால் இருக்கையை விட்டு அசைய முடியவில்லை.

நான் இறங்குவதற்குள் அவள் இறங்கி ஓடியிருந்தாள். பால்காரர் மண்ணில் உட்கார்ந்து இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அலறவில்லை. "கேன், கேன்" என்று மட்டும் சொன்னார். வயலிலிருந்து ஐந்தாறு பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் வருவதற்குள் நாங்கள் இருவருமே காருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு கதவும் திறந்து கிடந்தன.

மண்வெட்டி வைத்திருந்த ஒருவர், "யாருய்யா வண்டிய ஓட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான் ஓட்டினேன்" என்றாள் என் மனைவி. "வண்டிய ஓட்டினது நான்தான்."

பேருந்து நிலையக் குரல். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். [அடித்தது: "இல்லை என்று சொல்ல வந்தேன், ஆனால் அந்தக் கூச்சலில்—"] [அடித்தது: "அதிர்ச்சியில் நாக்கு எழவில்லை."] கூச்சலும் இல்லை, நாக்கும் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தேன், மூடினேன். மூடியபோது உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவரைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பிடித்துக்கொண்ட தோளோடு அவள்தான் ஓட்டினாள். ஒரு குலுக்கல் இல்லை. என் அட்டையில் நூற்றுக்கு நூறு.

6

மகள் சாயங்காலம் வந்தாள். நெளிந்த முன்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு அறுபத்தாறு ஆச்சு. நாளைக்கு ஒரு குழந்தை குறுக்க வந்தா என்ன பண்ணுவே? சாவியக் குடு."

"இருடி, நான்—"

"குடும்மா."

மனைவி என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும், நான் அவளைப் பார்க்காவிட்டாலும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மேசைமேல் கிடந்த டைல்ஸ் சாம்பிள் ஒன்றை எடுத்து அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். "இது நல்லா சொரசொரப்பா இருக்கு, வழுக்காது" என்று வேறு சொன்னேன்.

சாவி மகளின் கைப்பைக்குள் போனது. எனக்கும் இனி ஓட்டுவதில் இஷ்டமில்லை என்று பெருந்தன்மையாக அறிவித்தேன். "பாத்தியா, அப்பாவே சொல்லிட்டாரு" என்றாள் மகள்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் என்னைக் கோழை என்று விட்டுவிடலாம். அடுத்த மாதம் சங்க இதழுக்கு நகைச்சுவைக் கட்டுரை கேட்டார்கள். எழுதினேன். 'என் வீட்டு ஓட்டுநர்' என்று தலைப்பு. "என் மனைவிக்கு பிரேக்கும் ஹார்னும் ஒன்றுதான், இரண்டையும் வாயாலேயே போடுவாள்" என்று ஒரு வரி. "எமன் எருமையில் வந்தால்கூட இவள் வண்டியைப் பார்த்து ஓரம் கட்டிவிடுவான்" என்று இன்னொன்று. சொந்தப் பிழையை அடுத்தவர் தலையில் கட்டினால் நடை எவ்வளவு சரளமாக வருகிறது என்பதை எழுத்தாளர்கள் யாரும் வெளியே சொல்வதில்லை. ஒரே மூச்சில் முடித்தேன். ஒரு வரிகூட அடிக்கவில்லை.

நான் எழுதுவதை மகள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கணினியில் தட்டி அனுப்புவாள். கையெழுத்தைப் பார்த்து, "என்னப்பா, ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வருது? எழுத்து யானை மாதிரி ஆயிட்டே போகுது" என்றாள். அவ்வளவு கெட்டிக்காரிக்கு அது ஏன் என்று தோன்றவில்லை. அம்மா என்ன செய்வாள், அப்பா என்ன செய்வார் என்பதைப் பிள்ளைகள் ஒரு வயதுக்கு மேல் மாற்றி யோசிப்பதில்லை போலிருக்கிறது. இதழ் வந்ததும் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். மருமகன் புரையேறச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடங்களிலெல்லாம் சரியாகச் சிரித்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

கட்டுரையின் பலன் உடனே கிடைத்தது. "காரே இனி எதுக்கு? வித்துடலாம்" என்றாள் மகள். கார் கொட்டகையை ஒரு படுக்கையறையாக்கினால் இருவரும் மாடி ஏற வேண்டியதில்லை. யோசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. செங்கல் வந்தது. காரை வெளியே தெருவில் நிறுத்தி உறை போட்டார்கள். கொட்டகையின் வாயில் கொத்தனார் நூல் கட்டி இரண்டு வரிசை வைத்துவிட்டார்.

"சார், இஷ்டம்னாலும் சொல்லுங்க, இல்லைன்னாலும் இப்பவே சொல்லுங்க" என்றார் என்னிடம். "செவுத்துக்கு என்ன தெரியும், எழுப்பினா எழுந்துக்கும். அப்புறம் இடிக்கணும்னா நான் வர மாட்டேன். நான் கட்டினத நானே இடிக்கிறதில்ல."

"பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"நீங்க எப்பவும் இதையேதான் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவினார். திங்கட்கிழமை மீதிச் சுவர்.

7

பால்காரரைப் பார்க்கப் போனதை இங்கே சொல்லியாக வேண்டும். காலவரிசையில் இது இதழ் வருவதற்கு முன்னால். இதைத் தெரிந்துகொண்டேதான் அந்தக் கட்டுரையை எழுதினேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

விபத்து நடந்து இரண்டு வாரம் கழித்து, பேருந்தில் போனோம். அவர் மாவுக்கட்டோடு மாட்டுக்கொட்டகை ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்துக்குப் பால் கறக்க முடியாது, மைத்துனர் வந்து கறக்கிறார் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. என் மனைவி உள்ளே அவர் வீட்டம்மாவோடு பேசப் போனதும் குரலைத் தணித்தார்.

"ஐயா, கண்ணக் காட்டினீங்களா?"

"எதுக்கு?" என்றேன்.

"விழறதுக்கு முன்னாடி காரு கண்ணாடி வழியா உங்க முகத்தத்தான் பாத்தேன். நீங்களும் என்னையே பாத்துக்கிட்டு வந்தீங்க. ஆனா உங்களுக்கு நான் தெரியல."

நான் மாட்டைப் பார்த்தேன்.

"அந்தம்மா அப்படிச் சொன்னாங்க. சரி, வீட்டு விஷயம், நமக்கென்னன்னு நானும் விட்டுட்டேன். கண்ணக் காட்டுங்க ஐயா. கை ஒடஞ்சா கூடிடும்."

திரும்பி வரும்போது, "என்ன சொன்னாரு?" என்று மனைவி கேட்டாள். "மாட்டைப் பத்திப் பேசிட்டிருந்தோம்" என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்புகூட இல்லை. காது இரண்டும் சூடாக இருந்தது, ஊர் வரைக்கும்.

8

இனி முடிவு. இங்கேதான் கதை எழுதுகிறவனுக்கு அதிகாரம் வருகிறது. அதை எப்படிப் பயன்படுத்தினேன் பாருங்கள்.

பால்காரர் ஒருநாள் எங்கள் வீட்டைத் தேடி வருகிறார். மகள் கதவைத் திறக்கிறாள். அவர் எதார்த்தமாக, "உங்க அப்பாவுக்குக் கண்ணு சரியாயிடுச்சா?" என்று கேட்க (நன்றாக இருக்கிறது. ஆனால் கை உடைந்தவரே வந்து எனக்கு வேலை செய்ய வேண்டுமா?)

சரி, இன்னொன்று. கடைசிச் செங்கல் வைக்கும் நேரத்தில் என் மனைவி கொத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்தி, எல்லோர் முன்னாலும் உண்மையை (அவள் ஏற்கெனவே ஒரு தடவை எனக்காகப் பேசிவிட்டாள்.)

மூன்றாவதாக ஒன்று. நான் செத்துப்போகிறேன். காரியங்கள் முடிந்து மகள் என் அலுவலகப் பையைக் குடைகிறாள். கண் டாக்டரின் சீட்டு. தேதியைப் பார்க்கிறாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. வெட்கங்கெட்டவன். செத்தாவது தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறான்.

மூன்றையும் படித்துப் பார்த்தேன். மூன்றிலும் எல்லோரும் பேசுகிறார்கள், செங்கல்கூடப் பேசிவிடும் போலிருக்கிறது. ஒரே ஒருவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

9

இதுவரை எழுதியதை இன்று காலை மனைவியிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து தாள் புரளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சநேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். எனக்கு அற்ப சந்தோஷம். அது முடிவதற்குள் அடுத்ததைக் கேட்டாள். "நான் எதுக்கு அப்படிச் சொன்னேன்னு நெனச்சீங்க?"

"என்னக் காப்பாத்த."

"அந்த ஆளு கையில மண்வெட்டி இருந்துச்சு. பொம்பளைன்னா கை ஓங்க யோசிப்பான்னு சொன்னேன். வேற ஒண்ணுமில்ல. அந்த நிமிஷத்துக்குத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள நீங்க மாத்திச் சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

நான் என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"சாயங்காலம் அவ வந்தப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். டைல்ஸத் தடவிட்டு இருந்தீங்க. சரி, நாளைக்குச் சொல்லுவாருன்னு பாத்தேன். அந்தப் புஸ்தகத்துல வந்ததப் படிச்சப்புறம்தான் பாக்கறத விட்டேன்."

"நீ சிரிச்சியே."

"பின்ன? பொண்ணு முன்னாடியும் மாப்பிள்ளை முன்னாடியும் எம்புருஷன் பொய் சொல்றான்னு அழச் சொல்றீங்களா?"

தாள்களை ஒழுங்காக அடுக்கி மேசையில் தட்டினாள்.

"இதுலயும் என்ன ஒரு தியாகியாத்தான் நிக்க வெச்சிருக்கீங்க. பாவம், பொறுமைசாலின்னு படிக்கிறவங்க உச்சுக்கொட்டுவாங்க. எனக்குக் கோபங்க. நாலு மாசமா கோபம். இன்னும் நாப்பத்தொம்போது ஊரு பாக்கி இருக்கு, எனக்கு வயசு அறுபத்தாறு. இவ்வளவு பக்கத்துல அதுக்கு ஒரு வரி இல்ல."

"எழுதறேன்."

"எழுதுங்க. ஆனா முடிவு என்னன்னு மட்டும் என்னக் கேக்காதீங்க."

எழுதிவிட்டேன். அவளுக்குக் கோபம். நாலு மாதமாக அவள் எனக்கு டீ போட்டுக்கொடுத்ததும், துணி மடித்ததும், சேர்ந்து டைல்ஸ் பார்த்ததும் கோபத்தோடுதான். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லப்போவதில்லை. கண்ணைச் சாக்குச் சொல்ல முடியாத இடம் இது. நான் பார்க்க விரும்பவில்லை.

10

மகள் பத்தரை மணிக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்தாள். நான் அவள் எதிரில் போய் நின்று, "ஒண்ணு சொல்லணும்" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

"இருங்கப்பா, மொதல்ல இத முடிச்சிடறேன். பன்னெண்டு மணிக்குப் பெற்றோர் கூட்டம் இருக்கு" என்று தாள்களை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

சொன்னேனே என்று சொல்லிக்கொள்ளலாம்தான். மாட்டேன். பிடிவாதமாக நின்றிருந்தால் ஒரு வாக்கியம், மூச்சு விடுகிற நேரம். தாளைக் கொடுத்துவிட்டு வந்து அறையின் இந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். எழுத்தில் சொல்வதும் ஒருவகைப் பதுங்கல்தான், நடை நன்றாக இருந்தால் இன்னும் மோசம்.

அவள் முன்கூட்டிப் படிக்கமாட்டாள். படித்துவிட்டால் தட்டுவதில் சுவாரஸ்யம் போய்விடும் என்பாள். படிக்கப் படிக்கத் தட்டுவாள். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டேதான் தட்டினாள். சங்கச் செயலாளர் வரியாக இருக்கும். அப்புறம் விசைகளின் சத்தம் நின்றது. முதல் பகுதியின் கடைசி வரி என்று கணக்குப் போட்டேன். கூப்பிடுவாள் என்று பேனாவை மூடி வைத்தேன். கூப்பிடவில்லை. மறுபடியும் தட்ட ஆரம்பித்தாள். முன்னைவிட வேகமாக, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி அழுத்தி அழுத்தித் தட்டினாள். அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் வரவே இல்லை.

இப்போது மறுபடியும் நின்றிருக்கிறது. எந்தப் பகுதி என்று தெரியவில்லை. பால்காரரா, அம்மாவின் நோட்டா, தன் கைப்பைக்குள் போன சாவியா. அவளும் தன் பங்குக்கு ஒரு முட்டாள்தனத்தை இந்தக் கதையில் படித்திருப்பாள். அதற்கும் காரணம் நான். அம்மாவைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையையும் அவள் இப்போது திரும்ப எண்ணிக்கொண்டிருக்கலாம். ஒரு பொய்க்கு நான் இரண்டு பெண்களைச் செலவழித்திருக்கிறேன். மகள் விஷயம் இப்போதுதான் உறைக்கிறது.

ஜன்னல் அவளுக்குப் பின்னால் இருக்கிறது. வெளிச்சத்தில் அவள் தலையும் தோளும் ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிகின்றன. முகம் தெரியவில்லை. ஆறடி தூரம்தான். என் மகளின் முகத்தை என்னால் படிக்க முடியவில்லை.

இந்தக் கடைசித் தாளையும் அவள் மேசையில்தான் வைக்கப்போகிறேன். இது அச்சாகி உங்கள் கைக்கு வந்திருந்தால், அவள் தட்டி முடித்தாள் என்று அர்த்தம். அதற்குமேல் எதையும் ஊகிக்காதீர்கள். எடுத்த வேலையை அவள் எவ்வளவு கோபத்திலும் முடித்துவிடுவாள், அம்மாவைக் கொண்டு பிறந்தவள். அவள் மன்னித்தாளா, சுவர் என்ன ஆயிற்று என்றெல்லாம் நான் எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். இத்தனை பக்கம் என்னோடு வந்தீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. என் மனைவியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

நாற்காலி நகர்கிறது. மகள் எழுந்துவிட்டாள். என் பக்கம் வருகிறாளா, அம்மாவிடம் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குக் கண் நன்றாக இருக்கும், நீங்கள் பாருங்கள். அம்மாவிடம் போகட்டும். அவளிடம் போக வேண்டியதுதான் முறை. என்னிடம் வந்தால், பயப்படாமல் நீங்களே அவளைத் திருப்பி அனுப்புங்கள்.